ஐந்தாம் அச்சும் ஆறு எண்களும்

துளை நாடாவில் பதித்த எண்களால் இயந்திரத்தை இயக்கும் கதையில் 1952 ஒரு முக்கிய ஆண்டு. மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பரிசோதனைச் சாலையில், சின்சினாட்டி ஹைட்ரோடெல் மில்லிங் இயந்திரம் மூன்று அச்சுகளிலும் ஒருங்கே இயங்கிக் காட்டியது. ஆயினும் அந்த நாடாவில் ஏற வேண்டிய எண்களைக் கணக்கிட்டுக் கொடுக்கும் பாரம் மனிதன் தலையிலேயே இருந்தது. அந்தப் பாரத்தை இறக்கிவைக்கும் பொருட்டு, 1956 முதல் டக்ளஸ் ராஸ் என்பவரின் தலைமையில் ‘ஏபிடி’ என்ற மொழி உருவாயிற்று. 1959 பிப்ரவரியில் அதைப் பத்திரிகைக்காரர்களுக்குக் காட்டியபோது, அம்மொழியில் எழுதி வெட்டிய அலுமினியச் சாம்பல் கிண்ணத்தை ஞாபகார்த்தமாகக் கொடுத்தார்கள்.

கிண்ணம் சிறு விஷயம். ஏபிடியின் உண்மையான மேதைமை, வேலையை இரண்டாகப் பிரித்ததில் இருக்கிறது. ‘கோடூ’ என்ற சொல்லுக்குப் பின் 10, 20, 5, 0, 0.5, 0.866 என்று ஒரு வரி எழுதினால், முதல் மூன்று எண்கள் கட்டரின் நுனி நிற்க வேண்டிய இடத்தையும், பின் மூன்று எண்கள் கட்டரின் தண்டு நோக்க வேண்டிய திசையையும், அதாவது செங்குத்திலிருந்து ஒய் பக்கமாக 30 டிகிரி சாய்வையும் குறிக்கின்றன. இதில் எந்த இயந்திரத்தின் பெயரும் இல்லை. சாய்வது கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டில் தலையா, வெட்டப்படும் ஜாப் ஏறிய மேஜையா என்ற பேச்சும் இல்லை. அதையெல்லாம் முடிவு செய்து, குறிப்பிட்ட ஓர் இயந்திரத்துக்கு விளங்கும் கோணங்களாக மாற்றித் தருவது போஸ்ட் புராசசர் என்ற தனி நிரலின் காரியம்.

விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் கணினியின் பின்புறம் டாங்கிள் என்ற உரிமச் சாவியைச் செருகினால்தான் திறக்கும், கட்டரின் பாதையைக் கணக்கிடும் பழைய ‘கேம்’ மென்பொருளை இன்றும் விடாது பயன்படுத்தும் பட்டறைகளைப் பழமைவாதிகள் என்று சிலர் சொல்வது நியாயமாகாது. அந்த மென்பொருள் உள்ளூறக் கணக்கிடுவதும் இதே ஆறு எண்களைத்தான். வடிவ கணிதத்துக்கு வயதாவதில்லை. மேலும், அதனுடைய போஸ்ட் புராசசரில், அந்தப் பட்டறையின் இயந்திரத்தோடு பல வருஷங்கள் பழகியவர்கள் வரிவரியாகத் திருத்திச் சேர்த்த அனுபவம் அடங்கியிருக்கிறது.

அந்த அனுபவம் எத்தகையது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்ல வேண்டும். மூன்று நேர் அச்சுகளோடு, மேஜை ஏ அச்சில் சாய்ந்து, சி அச்சில் சுழலும் ஐந்து அச்சு இயந்திரத்தில், கட்டர் ஏறத்தாழ செங்குத்தாக நிற்கும்போது சி கோணம் எதுவென்பது நிச்சயமற்றுப் போகிறது. வட துருவத்தில் நிற்பவனுக்கு எப்பக்கம் திரும்பினாலும் தெற்கே என்பதைப் போன்ற நிலை அது. அரை டிகிரி இப்பக்கம் சாய்ந்திருந்த கட்டர் அரை டிகிரி அப்பக்கம் சாய வேண்டுமானால், ஒரு மில்லிமீட்டர் நகர்வதற்குள் மேஜை 180 டிகிரி சுற்ற நேரிடும். அவ்வளவு வேகமாகச் சுற்றும்போது நுனி தன் பாதையை விட்டு விலகி, பளபளவென்று வந்துகொண்டிருந்த பரப்பில் ஒரு பள்ளத்தைத் தோண்டிவிடும். ஏ அச்சுக்கு எதிர்ப்புறச் சாய்வு போதுமான அளவு இருந்தால், சி கோணத்தைத் திருப்பாமலே அவ்வழியில் கடக்கலாம். இல்லையேல் ஃபிக்ஸ்சரிலேயே ஜாப்பைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, பாதை துருவத்தின் அருகே போகாதபடி செய்துகொள்ள வேண்டும்.

நுனியின் இடத்தைக் கன்ட்ரோலரே கணக்கிட்டுக் காக்கும் வசதி, ஃபானுக் நிறுவனத்தின் கன்ட்ரோலர்களில் ஜி43.4 என்று வழங்குவது, பழைய கன்ட்ரோலர்களில் பெரும்பாலும் கிடையாது. ஆகையால், சுழற்சி மையத்திலிருந்து ஜாப் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் போஸ்ட் புராசசருக்கு முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். செட்டிங் 5 மில்லிமீட்டர் தள்ளிப்போனால் புரோகிராம் முழுவதையும் மறுபடி எடுக்க வேண்டும். வேகமும் அப்படியே: சுழலும் அச்சுக்கு மில்லிமீட்டர் கணக்கு ஒவ்வாததால், ஜி93 முறையில், ஒரு நகர்வுக்கு ஆகும் நிமிஷத்தின் தலைகீழ் மதிப்பைக் கொடுப்பார்கள். 0.02 நிமிஷத்தில் முடிய வேண்டிய நகர்வுக்கு எஃப் 50 என்று வரும். அடுத்த வரிக்கு அது வேறாகும்.

இயந்திரத்துக்குப் போகும் இறுதிப் புரோகிராமை மட்டும் பத்திரப்படுத்தி, ஆறு எண்கள் கொண்ட இடைநிலைக் கோப்பை அழித்துவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. இது பெரும் நஷ்டம் என்பது என் திடமான அபிப்பிராயம். இறுதிப் புரோகிராம் ஒரே இயந்திரத்துக்கு, அதிலும் ஒரே செட்டிங்குக்கு மட்டும் உரியது. இடைநிலைக் கோப்பு கையில் இருந்தால், பழைய கணினி ஒரு நாள் எழாமற்போனாலும், மேஜை சாயும் இயந்திரத்துக்குப் பதிலாகத் தலை சாயும் இயந்திரம் வந்து சேர்ந்தாலும், புதிய போஸ்ட் புராசசர் ஒன்றை எழுதிக்கொண்டு அதே பாதையை வெட்டலாம். அப்போது, சாய்வு மிகுந்த வரிகளில் சிலவற்றைக் கையாலே கணக்கிட்டு, வந்திருக்கும் கோணங்களோடு ஒத்துப்பார்த்து, பிறகு ஜாப் ஏற்றாமல் ஒரு முறை காற்றில் ஓட்டிப் பார்ப்பது அவசியம். மேலே காட்டிய வரிக்குச் சாய்வுக் கோணம் 30 என்று வராவிட்டால், பிழை போஸ்ட் புராசசரில் என்று அறிந்து அங்கேயே நிறுத்திவிடலாம்.