மண்டைக்காட்டில் நின்றுபோன படகு வழி!

மண்டைக்காடு என்றதும் மாசிக் கொடை ஞாபகத்துக்கு வரும். பகவதி அம்மனைத் தரிசிக்கப் பெண்கள் இருமுடி கட்டி வரும் ஊர். இந்த ஊருக்கு இன்னொரு கதையும் உண்டு. மகாராஜா வெட்டச் சொன்ன படகு வழி ஒன்று, இங்கே வந்து நின்றுபோயிற்று!

அதுதான் ஏ.வி.எம். கால்வாய். சினிமாக் கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அனந்தன் என்பது பத்மநாப சுவாமி. விக்டோரியா, இங்கிலாந்து ராணி. மார்த்தாண்டன், அப்போது திருவிதாங்கூரை ஆண்ட உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா. மூன்று பெயரையும் சேர்த்து வைத்தார்கள்.

1860-ம் ஆண்டு வேலை தொடங்கியது. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை படகிலேயே போக வேண்டும் என்பது திட்டம். பூவாரிலிருந்து தேங்காய்ப்பட்டணம், குளச்சல் வழியாக மண்டைக்காடு வரை கால்வாய் வந்தது. அதற்கு மேல் போகவில்லை.

சைக்கிளும் படகும்

கொஞ்ச தூரம் சைக்கிள், கொஞ்ச தூரம் படகு என்று நெடும் பிரயாணம் போகிறவர்கள் இப்போது இருக்கிறார்கள். அவர்கள் ஏறுவது 'கயாக்' என்ற ஒடுக்கமான சிறு படகு. வட துருவத்து மக்கள் தோல் போர்த்திச் செய்த படகு அது. ஒரே துடுப்பு, அதன் இரு முனையிலும் தட்டை உண்டு. கட்டுமரத்தை உலகத்துக்குக் கொடுத்த கரையில், இந்தப் படகு வேடிக்கையாகத்தான் தெரியும்!

இப்படிப்பட்டவர்களுக்கு இந்தக் கால்வாய் உதவுமா?

வரைபடத்தை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். பல இடங்களில் கால்வாய் தூர்ந்து கிடக்கிறது. ஆக்கிரமிப்பும் உண்டு. சில இடங்களில் சாக்கடை. ஆகவே முதலில் படகு இல்லாமல், சைக்கிளில் கரையோரமாகப் போய்ப் பார்க்க வேண்டும். தண்ணீர் இருக்கிறதா, பாலத்துக்கு அடியில் தலை தட்டாமல் போகலாமா, படகைத் தூக்கிக் கரையேற இடம் உண்டா என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

பூவார் முதல் இரையுமன்துறை வரை 11 கிலோ மீட்டரை, 2016-ல் தேசிய நீர்வழியாக மத்திய சர்க்கார் சட்டம் அறிவித்தது. எண் 13. அறிவிப்பு வந்தால் போதுமா? தூர் வாரினால்தானே படகு ஓடும்!

கால்வாய் இல்லாத இடத்தில் கடலில் இறங்கலாம் என்று நினைப்பது ஆபத்து. ஆனி, ஆடியில் இந்தக் கடல் பொல்லாதது. பழகிய மீனவர்களே கரையில் காத்திருக்கும் நாட்கள் உண்டு.

மண்டைக்காட்டுக்குக் கிழக்கே சைக்கிள்தான் துணை. மணவாளக்குறிச்சி, முட்டம், ராஜாக்கமங்கலம் வழியாக மிதித்தால் மணக்குடி வரும். பழையாறு கடலில் கலக்கும் இடம் அது. 2004 சுனாமியில் இங்கிருந்த பாலமே பெயர்ந்து போயிற்று. இப்போது இருப்பது புதுப் பாலம். அதன் அருகே காயலில் மறுபடியும் படகை இறக்கலாம்.

அங்கிருந்து கன்னியாகுமரி பக்கம்தான்.