வயல் வடிநீரும் களப்பு மீனும்

கமக்காரர்களே! நீங்கள் தெளிக்கும் நாசினி முழுவதும் வயலிலேயே தங்கிவிடுவதில்லை. அதில் ஒரு பகுதி வடிநீரோடு வாய்க்காலிற் கலந்து, ஆற்றின் வழியே களப்பையும் கடலையும் அடைகின்றது. அங்கு மீன்கள் செத்து மிதந்தால் தீங்கைக் கண்ணாற் காணலாம். மீனைக் கொல்லாமல் அதன் இனப்பெருக்கத்தை மட்டும் கெடுக்கும் தீங்கு எளிதிற் புலப்படுவதில்லை.

தீங்கு நேரும் விதம்

பெண் மீனின் உடலிற் சுரக்கும் ஓமோன் அதன் ஈரலைத் தூண்டுகின்றது. ஈரல் முட்டைக்கு வேண்டிய மஞ்சட்கருப் புரதத்தை ஆக்குகின்றது. சில இரசாயனப் பொருள்கள் இந்த ஓமோனைப் போலவே தொழிற்படுவதால், ஆண் மீனின் ஈரலும் அப்புரதத்தை ஆக்கத் தொடங்குகின்றது. இதற்கு மிகச் சிறிய அளவே போதுமானது.

இங்கிலாந்திற் கண்டது

தைன், மேசி ஆகிய ஆறுகள் கடலோடு கலக்கும் இடங்களில் வாழும் தட்டைமீன்கள் 1990களில் ஆராயப்பட்டன. ஆண் மீன்களின் குருதியில் மஞ்சட்கருப் புரதம் காணப்பட்டது. மேசியிற் பிடித்த சில ஆண் மீன்களின் விந்தகத்தினுள் முட்டைகளும் உருவாகியிருந்தன. நகரக் கழிவுநீரும் ஆலைக் கழிவுமே இதற்குக் காரணமெனக் கருதப்பட்டன.

கமத்தோடு உள்ள தொடர்பு

இவ்வாறு ஓமோனைப் போலத் தொழிற்படும் பொருள்களுள் நொனைல்பீனோல் ஒன்று. ஆலைகளிற் கழுவுவதற்குப் பயன்பட்ட சில பொருள்கள் சிதையும்போது இது உண்டாகின்றது. நாசினி இலையிற் பரவிப் படிவதற்காக அதே வகைப் பொருள்கள் சில நாசினிகளிலுஞ் சேர்க்கப்பட்டுள்ளன. டீ.டீ.ரீ., எண்டோசல்பான் ஆகியனவும் ஓமோன்களைக் குழப்பவல்லவை. இலங்கையில் முன்னையது 1976இலும் பின்னையது 1998இலும் தடைசெய்யப்பட்டன.

நீங்கள் செய்யவேண்டியவை

1. பீடையின் தாக்கம் பயிருக்கு நட்டம் விளைக்கும் நிலையை எட்டினால் மட்டும், விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனைப்படி உரிய அளவில் நாசினி தெளியுங்கள்.

2. மழைக்குறி தோன்றும்போதும் காற்று வீசும்போதும் தெளிக்காதீர்கள். வாய்க்காலோரத்திற் சிறிது இடம் விட்டுத் தெளியுங்கள்.

3. தெளித்த பின் வக்கடையை அடைத்து, போத்தலின் சுட்டுத்துண்டிற் கூறிய காலம்வரை வயல்நீரை வெளியே விடாதீர்கள்.

4. வெறும் போத்தலை மும்முறை அலசி, அந்நீரைத் தெளிகருவியிலேயே ஊற்றி வயலுக்கே தெளித்துவிடுங்கள்.

5. தெளிகருவியை வாய்க்காலிலோ குளத்திலோ கழுவாதீர்கள்.

களப்பில் வளரும் மீனே உங்கள் வீட்டுக் கறிச்சட்டிக்கும் வருகின்றது. மீனவரின் பிழைப்பும் அதிலேயே தங்கியுள்ளது. ஆகையால், வக்கடையைத் திறக்குமுன் அந்நீர் சென்று சேரும் இடத்தையும் எண்ணிப் பாருங்கள்.