ஊபே ஹலாயா: ஊதா வள்ளிக்கிழங்கின் இனிப்பு

பிலிப்பைன் தீவுகளில் ஊபே என்று வழங்கும் கிழங்கு, நம்மவர் பெருவள்ளி என்றும் யாழ்ப்பாணத்தார் இராசவள்ளி என்றும் கூறும் இனத்தைச் சேர்ந்ததேயாகும். அங்கு வருஷக் கடைசியில் அறுவடை தொடங்குவதால், இதனால் செய்யப்படும் ஹலாயா கிறிஸ்துமஸ் விருந்துகளில் முக்கிய இடம் பெறுகிறது. போஹோல் தீவின் கினம்பாய் வகை வாசனைக்குப் பேர்போனது. அத்தீவினர் கிழங்கு கை தவறி விழுந்தால் எடுத்து முத்தமிடும் வழக்கமுடையவர்கள்.

கிழங்கைத் தோலுடன் வேகவைக்க வேண்டியது. வெட்டி வேகவைத்தால் சாயம் நீரில் இறங்கிவிடும். பச்சைக் கிழங்கு கையில் அரிப்பை உண்டாக்குமாதலால், வெந்தபின் உரிப்பதே சௌகரியம். சீக்கிரம் வேகட்டுமென்று சிலர் சோடா உப்பு போடுவார்கள். அது கூடவே கூடாது. ஊதா நிறம் நீலமும் பச்சையுமாய்த் திரிந்து பார்க்கச் சகியாது.

உரித்துத் துருவிய கிழங்கு 1 கிலோவுக்குக் கெட்டித் தேங்காய்ப் பால் சுமார் 400 மில்லி, சர்க்கரை 300 கிராம், வெண்ணெய் 100 கிராம் போதும். அமெரிக்கர் ஆட்சிக் காலத்தில் பரவிய டின் பாலைச் சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்ப்போரும் உளர். யாவற்றையும் அடிகனத்த பாத்திரத்திலிட்டுச் சிறு தீயில், நீண்ட பிடியுள்ள மரத் துடுப்பால் ஓயாமல் கிளறவேண்டும். இறுகும் தருணத்தில் குழம்பு தெறித்துக் கையைச் சுடும். குழந்தைகளை அருகில் விடலாகாது. முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்தில் பாத்திரத்தை விட்டுச் சுருண்டு வரும். வெண்ணெய் தடவிய அச்சில் ஊற்றி ஆறவிடுக.

பழ ஜாம்போல் இதில் புளிப்பில்லை. ஆகையால் வெளியில் வைத்தால் கெடும். குளிர்பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் உண்ணவேண்டும்.

இனி, நிலமுடையோர் கவனிக்கவேண்டிய விஷயம். பாகியோ நகரில் குட் ஷெப்பர்டு கன்னிமடத்தார் இவ்வினிப்பை விற்று மாணவர் படிப்புக்கு உதவி வருகிறார்கள். 2021-ல் ஊதாக் கிழங்கு போதாமையால் அவர்களே வெள்ளைக் கிழங்கில் செய்து விற்க நேர்ந்தது. இப்பயிருக்குக் கிழங்குத் துண்டமே விதை. நல்ல விலைக்கு எல்லாவற்றையும் விற்றுவிட்டால் அடுத்த மழைக்கு நட ஒன்றுமிராது. ஆதலின் அடுப்பேற்றுமுன், விரைவில் முளைக்கும் தலைப்பாகத்தை வெட்டி, வெட்டுவாயில் சாம்பல் தடவி, நிழலில் பத்திரப்படுத்துக. சமையலுக்கு மீதிப் பாகமே போதுமானது.