சிறு ஆப்பும் பெரும் பாறையும்

மலையற்ற வயல்நிலம் நமது துணுக்காய். ஆயினும், பாறையேறும் கலையின் நுட்பமொன்றை வவுனிக்குளத்து நீரிற் பயிர்செய்யும் உழவர் அனைவரும் அறிவர். மண்வெட்டியின் பிடி தளர்ந்தால் அவர்கள் அதில் ஓர் ஆப்பை இறுக்குகின்றனர். இடுக்கிற் பொருந்திய சிறு துண்டு பெரும் விசையைத் தாங்கும் என்பதே அந்நுட்பம்.

செங்குத்துப் பாறையில் முன்னே ஏறுபவர் இடையிற் கயிறு கட்டியிருப்பார். மறுமுனையைத் துணைவர் கீழே நின்று காப்பார். ஆயின், ஏறும் வழியில் ஆங்காங்கே அக்கயிறு பாறையோடு இணைக்கப்படல் வேண்டும். இறுதி இணைப்புக்கு மேல் ஐந்தடி ஏறியவர் தவறினால், பத்தடியேனும் விழுந்த பின்னரே கயிறு அவரைத் தாங்கும்.

இவ்விணைப்புக்காகப் பலர் பாறை வெடிப்புகளில் இரும்பாணிகளை அறைந்தனர். பிரித்தானியர் சிலரோ வெடிப்பிற் கூழாங்கற்களைச் செருகி, அவற்றைச் சுற்றிக் கயிறு கட்டினர். பின்னர் வேல்ஸ் நாட்டு ஸ்நோடன் மலையிற் புகையிரதப் பாதையோரம் கிடந்த நட்டுகளைப் பொறுக்கி, உட்புரியை அராவி, அவற்றிற் கயிறு கோத்துப் பயன்படுத்தினர். ஏறுவதற்கென்றே வடிவமைத்த நட்டை 1961இல் ஜோன் பிறெயில்ஸ்போட் செய்தார். இன்றைய நட்டு, கம்பி வளையம் பூட்டிய உலோக ஆப்பேயாகும். பெயர் மட்டும் பழையது.

மேலே அகன்று கீழே ஒடுங்கும் வெடிப்பில் அதனை இறக்குவர். கீழ்நோக்கி இழுக்குந்தோறும் அது மேலும் இறுகும். ஆனால், வளைந்து செல்லும் கயிறு அதனை மேல்நோக்கி அசைத்தால் கழன்றுவிடும். ஆகவே, நட்டுக்கும் கயிற்றுக்கும் இடையே நீண்ட பட்டி ஒன்றை மாட்டுவர். பின்வரும் துணைவர் நட்டை எடுத்துவிடுவார். பாறையில் வடு எஞ்சாது.

தீக்குச்சித் தடிப்பே உள்ள வெடிப்புகளுக்கும் நட்டுகள் உண்டு. அவுஸ்திரேலியாவில் ரோலண்ட் பௌலிக் பித்தளையாற் செய்த சிறு நட்டுகள் புகழ்பெற்றவை. உருக்கினும் மென்மையான பித்தளை, பாறையின் பரல்களை நன்கு கௌவும். ஆயினும், மிகச் சிறியவை சில ஏறத்தாழ 200 கிலோகிராம் எடையையே தாங்குவன. பெரியவை அதனினும் மிகுந்த எடையைத் தாங்கும். கடும் வீழ்ச்சியின் விசை சிறியதை அறுத்துவிடலாம். எனவே, அறிந்தவர் ஒன்றை நம்பாது, இரண்டு மூன்றை அடுத்தடுத்துப் பொருத்துவர்.

அமெரிக்காவின் யொசெமிற்றிப் பள்ளத்தாக்கில் ஆணிகளை அறைந்தும் பிடுங்கியும் வந்ததாற் பாறைகள் சிதைந்தன. 1967இல் ரோயல் ரொபின்ஸும் அவர் மனைவி லிஸ்ஸும் அங்கே நட்டுகளை மட்டுமே கொண்டு புதுவழியொன்றில் ஏறினர். 1972இல் இவோன் ஷுனாட், சுத்தியலை விடுத்து நட்டைக் கையாளுமாறு தம் விற்பனைப் பட்டியலிலேயே வேண்டினார். அவர் யார்? ஆணி செய்து விற்றே தொழில் வளர்த்தவர்!

மாணவர்களே, தம் வருவாயினும் பாறை பெரிதென அவர் எண்ணினார். வலிமையால் அறைவதினும், இடமறிந்து பொருத்துவது அரிது. அதன் எல்லையை அறிந்து நம்புவது அதனினும் அரிது.