பணிவிடையை எழுதிவைத்த பேராயர்



வியாதியஸ்தரைப் பராமரிக்கும் ஊழியம் மிஷனெரிமார் கப்பலேறி வந்த நாளில் தொடங்கியது என்று நம்மில் அநேகர் எண்ணுகிறோம். அது மிகப் பழையது. அதை நமக்குத் தெரியப்படுத்தியவர்களில் ஒருவர், பலஸ்தீனாவிலிருந்த செசரியாவின் பேராயர் யூசிபியஸ்.

அவர் கி.பி. 260-ஐ ஒட்டிப் பிறந்தவர். செசரியாவின் புகழ்பெற்ற நூலகத்தைப் பேணிய பம்பீலஸ் என்னும் மூப்பர் அவருடைய ஆசான். 303-இல் தியோக்லேஷியன் பேரரசன் கட்டளையால் ஆலயங்கள் இடிக்கப்பட்டன, வேதபுத்தகங்கள் எரிக்கப்பட்டன. பம்பீலஸ் சிறையிலிருந்து, 310-இல் இரத்தசாட்சியாக மரித்தார்.

உபத்திரவம் ஓய்ந்தபின், 313-ஐ ஒட்டி யூசிபியஸ் பேராயரானார். 325-இல் நிசேயா சங்கத்தில் பங்குபெற்றார். அவரிடமும் குறைகள் உண்டு: ஆரியுவுக்கு அனுதாபம் காட்டினார், கான்ஸ்டன்டைன் பேரரசனை அளவுக்கு மீறிப் புகழ்ந்தார். ஆனாலும் தம் 'திருச்சபை வரலாறு' என்னும் பத்துப் புத்தகங்களில் பழைய கடிதங்களை அப்படியே எடுத்தெழுதினார். அவற்றில் பலவற்றின் மூலங்கள் பின்னாளில் அழிந்துபோயின.

அப்படிக் காக்கப்பட்டவற்றில் ஒன்று அலெக்சந்திரியாவின் பேராயர் தியொனீசியு எழுதிய கடிதம். மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் அந்நகரில் கொள்ளைநோய் பரவியது. நோய் கண்டவர்களைச் சொந்த ஜனங்களே தெருவில் விட்டு ஓடினார்கள். விசுவாசிகளோ அருகிலிருந்து பணிவிடை செய்தார்கள். மரித்தவர்களைக் குளிப்பாட்டி அடக்கம்பண்ணினார்கள். அதனால் மூப்பரும் உதவிக்காரரும் சபையாரும் நோய் தொற்றி மரித்தார்கள். அந்த மரணம் இரத்தசாட்சி மரணத்துக்குக் குறைந்ததல்ல என்று தியொனீசியு எழுதினார்.

யூசிபியஸின் காலத்திலேயே, 312-ஐ ஒட்டி, மாக்சிமீனஸ் ஆண்ட கீழ்த்திசை நாடுகளில் பஞ்சமும் கொள்ளைநோயும் சேர்ந்து வந்தன. அதுவரை துன்புறுத்தப்பட்டுவந்த கிறிஸ்தவர்களே பிணங்களை அடக்கம்பண்ணினார்கள். நகரெங்கும் பசியால் வாடினவர்களைக் கூட்டி, எல்லாருக்கும் அப்பம் பகிர்ந்தார்கள். இதையும் அவர் பதிவுசெய்தார்.

யூசிபியஸ் 339-ஐ ஒட்டி மரித்தார். பேராயர்கள் பலரின் பெயர்களை வரிசையாக எழுதியவர், கொள்ளைநோயில் பணிவிடை செய்தவர்களின் பெயர்களைச் சொல்லவில்லை. அவர்கள் செய்கை மாத்திரம் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இரவுப் பணியில் விழித்திருக்கும் செவிலியரும், வார்டைக் கழுவித் துடைக்கும் ஊழியரும், பெயர் சொல்லாமல் காணிக்கை அனுப்பும் நீங்களும் அந்தப் பெயரில்லாதவர்களின் வழியில் வந்தவர்களே. இவர்களுக்காக ஜெபியுங்கள். பணம் கட்ட இயலாத நோயாளியும் பராமரிப்புப் பெற, தொடர்ந்து இந்த ஊழியத்தைத் தாங்குங்கள்.