ஆமைக் குஞ்சு பொரிய எத்தனை நாள் ஆனது?

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முக்கியமான நாள். அன்று முதல் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஏறக்குறைய அதே நாட்களில் கடலாமை முட்டைகளைக் காக்கும் பொரிப்பகங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, இந்தப் பருவத்தில் எத்தனை குஞ்சுகளைக் கடலில் விட்டோம் என்ற அரசுக் கணக்கும் வெளிவரும். இரண்டும் சேர்ந்து வருவதால் தடைக்காலமே ஆமைகளுக்காகத்தான் என்று வாசகர்கள் பலர் நினைப்பது கடிதங்களில் தெரிகிறது. அப்படி இல்லை. அது மீன்கள் இனம் பெருகுவதற்கான தடை. இங்கே முட்டையிடும் பங்குனி ஆமைகள் மும்முரமாகக் கரையேறுவது ஜனவரி முதல் மார்ச் வரை; படகுகள் கட்டப்படும்போது அவற்றில் பெரும்பாலானவை முட்டையிட்டுத் திரும்பியிருக்கும், வலையில் சிக்கியவை செத்திருக்கும். கடிதங்களில் இன்னொரு கேள்வியும் திரும்பத் திரும்ப வருகிறது. லட்சக்கணக்கில் குஞ்சுகளை விட்டதாக அறிவிக்கிறார்கள், 2025 ஜனவரியிலோ சென்னையை ஒட்டிய கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின, எதை நம்புவது? இரண்டுமே உண்மைதான். முதல் எண் எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்பதில்தான் சிக்கல்.

அரசு அறிக்கையில் ‘பாதுகாப்பு’ என்பதற்கு மூன்று எண்கள்தாம் பொருள்: சேகரித்த முட்டைகள், வெளியே வந்த குஞ்சுகள், இரண்டுக்கும் உள்ள விழுக்காடு. இவை மனித உழைப்பை அளக்கின்றன. அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. நீலாங்கரையிலோ கோடியக்கரையிலோ ஒரு பருவம் முழுக்க ஆமைத் தடம் தேடும் இரவு நடைக்கு ஆள் சேர்ப்பதும், தடம் கண்ட இடத்தில் கூட்டைத் தேடி, கரு ஓட்டின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொள்வதற்குள், அதாவது சில மணி நேரத்துக்குள், நூற்றுச் சொச்சம் முட்டைகளையும் உருட்டாமல் குலுக்காமல் கொண்டுவந்து, தாய் தோண்டிய அதே ஆழத்தில், அதே குடுவை வடிவில் குழி தோண்டிப் புதைப்பதும் லேசான காரியங்கள் அல்ல. ஆனால் இத்தனையும் நன்றாக நடந்த பிறகும் அந்தக் குஞ்சுகள் ஆமை இனத்துக்கு எவ்வளவு பயன்படும் என்பதைத் தீர்மானிக்கும் ஒரு விஷயம் இந்த மூன்று எண்களில் எதிலும் இல்லை. அது மணலின் சூடு.

கடலாமைக்கு ஆணா பெண்ணா என்பதை எழுதிவைத்த குரோமோசோம் கிடையாது. முட்டைக்குள் இருக்கும் நாட்களை மூன்றாகப் பிரித்தால், நடுப்பங்கில் மணல் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதுதான் பாலினத்தைத் தீர்மானிக்கிறது. ஆண் சுரப்பை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும் அரோமட்டேஸ் என்ற நொதி சூட்டில் முனைப்பாக வேலை செய்யும்; கருவில் சூலகம் உருவாகும். சூடு குறைந்தால் விந்தகம். பங்குனி ஆமைக்கு ஏறக்குறைய 29 முதல் 30 டிகிரி செல்சியஸுக்குள் பாதிக்குப் பாதி வரும். அதற்கு மேலும் கீழும் ஓரிரு டிகிரி நகர்ந்தாலே ஒரு கூடு முழுவதும் பெண்ணாகவோ ஆணாகவோ முடிந்துவிடலாம். 34, 35 டிகிரியை ஒட்டிப் போனால் கருவே சாகத் தொடங்கும். இதைச் சென்னைக் காலண்டரில் வைத்துப் பார்ப்போம். ஜனவரி 10 அன்று இட்ட கூட்டுக்கு நடுப்பங்கு ஏறத்தாழ ஜனவரிக் கடைசி முதல் பிப்ரவரி நடு வரை, தை மாதக் குளிர் இன்னும் விடாத மணலில் கழியும். மார்ச் 25 அன்று இட்ட கூட்டுக்கு அதே பங்கு ஏப்ரல் 9 வாக்கில் தொடங்கி 25 வரை, சித்திரை வெயில் கொளுத்தும் மணலில் கழியும். ஒரே கரை, ஒரே வேலிக்குள் இருக்கும் பொரிப்பகம். ஆனால் முதல் கூட்டில் ஆண்கள் மிகுந்திருக்க வாய்ப்பு, இரண்டாவதில் பெண்கள். வேலியை எங்கே போடுவது, மேலே தென்னங்கீற்று வேய்வதா வேண்டாமா, எந்த வாரத்தில் வேய்வது என்று களப்பணி ஒருங்கிணைப்பாளர் எடுக்கும் முடிவு ஒரு தலைமுறையின் ஆண்-பெண் விகிதத்தை மாற்றிவிடும். பல இடங்களில் இந்த முடிவு கீற்று கிடைத்ததா, பந்தல் போடப் பணம் வந்ததா என்பதைப் பொறுத்து நடந்துவிடுகிறது. எனக்குக் கவலை தருவது இதுதான்.

இது ஏட்டுக் கவலை அல்ல. அழிவின் விளிம்பில் இருந்த கெம்ப் சிற்றாமையைக் காப்பாற்ற 1978இல் மெக்சிகோவின் ராஞ்சோ நுவேவோ கரையிலிருந்து முட்டைகளை எடுத்து, அமெரிக்காவின் டெக்சாஸில் உள்ள பாட்ரே தீவுக்குக் கொண்டுபோனார்கள். முட்டைகள் தெர்மோகோல் பெட்டிகளில் பத்திரமாகப் பொரிந்தன. எண்ணிக்கையும் நன்றாக இருந்தது. இப்படிப்பட்ட பெட்டிகள் மணலைவிடக் குளிர்ந்திருப்பதால் பாதுகாப்புப் பணியே ஆண்களை மட்டும் உருவாக்கும் பணியாகிவிடும் என்று மிரோசாவ்ஸ்கி, இன்டெமா என்ற இரு ஆய்வாளர்கள் 1980இல் எச்சரித்தார்கள். பாட்ரே தீவின் முதல் சில ஆண்டுக் குஞ்சுகளில் பெரும்பாலானவை ஆண்கள்தாம் என்று பின்னர் தெரிந்தது. 1985இலிருந்து சூட்டைக் கூட்டிய பிறகே பெண்கள் பெருகின. இதற்கு நேரெதிரான நிலையை ஆஸ்திரேலியா காட்டுகிறது. பெருந்தடுப்புப் பவளத் திட்டின் வடபகுதிக் கரைகளில் பிறந்த இளம் பேராமைகளில் 99 விழுக்காட்டுக்கு மேல் பெண்கள் என்று 2018இல் வெளிவந்த ஆய்வு கண்டது. அங்கே யாரும் பந்தல் போடவில்லை, காலநிலையே மாற்றியது.

பிறந்த குஞ்சைப் பார்த்து ஆண், பெண் சொல்ல முடியாது. உள்ளுறுப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணை ஒன்றில் இருக்கும் உயிரை அதற்காகக் கொல்ல முடியாது, கூட்டில் தானாகச் செத்தவை மட்டுமே கிடைக்கும். அப்படியானால் ஒவ்வொரு கூட்டிலும் வெப்பமானி வைக்கப் பணம் வேண்டுமா? வைத்தால் நல்லது. ஆனால் அதைவிட எளிதான வழி ஒன்று பொரிப்பகப் பதிவேட்டிலேயே இருக்கிறது. ஒவ்வொரு கூட்டின் மேலும் குச்சியில் கட்டிய சீட்டில் கூட்டின் எண், எடுத்த இடம், முட்டைகளின் எண்ணிக்கை, புதைத்த தேதி இருக்கும். குஞ்சுகள் வெளியே வந்த தேதி பதிவேட்டில் ஏறும். சூடான மணலில் கரு வேகமாக வளரும்; 45 நாளை ஒட்டியே வெளியே வந்துவிடும். குளிர்ந்த மணலில் 60 நாள்கூட ஆகும். ஆகவே இரண்டு தேதிகளுக்கும் இடைப்பட்ட நாட்களே அந்தக் கூட்டின் வெப்பமானி. 46 நாளில் பொரிந்த கூடு பெரும்பாலும் பெண்கள், 58 நாள் எடுத்தது பெரும்பாலும் ஆண்கள் என்று தோராயமாகச் சொல்லிவிடலாம். நடுவில் பெய்த மழை, கடைசி நாட்களில் முட்டைக் குவியல் தானே உண்டாக்கும் சூடு, மேலே வரக் காத்திருக்கும் ஓரிரு நாட்கள் எல்லாம் கணக்கைக் கொஞ்சம் பிசகச் செய்யும். ஒரு கூட்டுக்கு நம்ப முடியாவிட்டாலும் ஒரு பருவத்துக்குப் போதும். சென்னையில் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவான எஸ்.எஸ்.டி.சி.என். 1980களின் கடைசியிலிருந்து இரவு நடை போய்வருகிறது; அதன் பழைய பதிவேடுகளில் இந்த நாட்கணக்கைத் தேடலாம். அரசும் தன் பங்குக்கு எத்தனை குஞ்சு என்ற எண்ணோடு, எத்தனை கூடுகள் எத்தனை நாளில் பொரிந்தன என்ற பட்டியலையும் மாவட்ட வாரியாக வெளியிடட்டும். புதிதாக ஒரு ரூபாய்கூடத் தேவையில்லை.

மறுப்புகள் வரும். பெண் அதிகமானால் முட்டையும் அதிகம்தானே என்பது ஒன்று. ஓரளவு உண்மை. ஓர் ஆண் பல பெண்களோடு இணையும். இயற்கையிலேயே பல கரைகளில் பெண்களே மிகுதி. ஆனால் பெண்ணைக் கூட்டும் அதே சூடு இன்னும் இரண்டு மூன்று டிகிரி ஏறினால் கருவைக் கொன்றுவிடும் என்பதால், அந்த மிகுதியை வரவில் எழுதிக்கொண்டு சும்மா இருக்க முடியாது. அப்படியானால் எல்லாக் கூட்டுக்கும் நிழல் போட்டுவிடலாமே என்றால், அது பாட்ரே தீவுக்கே திரும்புவது. அளந்து பார்த்து, மார்ச்சில் இட்ட கூடுகளில் ஒரு பகுதிக்கு மட்டும் நிழல் கொடுப்பதே சரி. முட்டைகளை இட்ட இடத்திலேயே விட்டுவிடுங்கள் என்போர் உண்டு. நாய்களும் விளக்குகளும் இல்லாத கரையில் அதுவே முதல் வழி. சென்னையில் அப்படி விட்டால் விடியும் முன் நாய் தோண்டிவிடும். இங்கே பொரிப்பகத்தைத் தவிர்க்க முடியாது. தவிர்க்க முடியாததாலேயே அதன் கணக்கு ஒழுங்காக இருக்க வேண்டும்.

பாலினம் சரியாகவே அமைந்தாலும் குஞ்சு வளர்ந்து முட்டையிட வரப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றுதான் பிழைக்கும் என்று அதிகாரிகளே மேடையில் சொல்கிறார்கள். அது துல்லியமான கணக்கல்ல, மதிப்பீடுதான்; ஆனாலும் அவர்கள் எண்ணையே எடுத்துக்கொள்வோம். 2025 ஜனவரியில் ஒதுங்கிய ஆயிரம் வளர்ந்த ஆமைகளுக்கு ஈடாகப் பத்து லட்சம் குஞ்சுகள் வேண்டும். பெருந்தலை ஆமைகளை வைத்து கிரௌஸ், கிரௌடர், கேஸ்வெல் ஆகியோர் 1987இல் போட்ட கணக்கும் இதையே சொன்னது: ஒரு முட்டைகூட வீணாகாமல் காத்தாலும் இனம் சரிவது நிற்காது, கடலில் பெரிய ஆமைகள் சாவது குறைந்தால்தான் நிற்கும். அமெரிக்காவில் இறால் வலைகளில் ஆமை வெளியேற்றும் சாதனத்தைக் கட்டாயமாக்க இந்தக் கணக்கு வலுவான ஆதாரமானது. அந்தச் சாதனம் வலை மடியின் கழுத்தில் சாய்வாகப் பொருத்தும் கம்பிச் சட்டம். இறாலும் மீனும் கம்பிகளுக்கிடையே உள்ளே போகும், ஆமை முட்டி மேலுள்ள திறப்பு வழியே வெளியேறும். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கேற்ப இதை வடிவமைத்தும் கொடுத்திருக்கிறது. இந்தச் சாதனம் விதியில் இருக்கிறது, வலையில் இருப்பது அரிது. இந்தியாவில் கடலில் பிடித்த இறாலை அமெரிக்கா 2019இல் நிறுத்தியது இதனால்தான். பிடிபட்ட மீனில் ஒரு பகுதி போய்விடும் என்று விசைப்படகுக்காரர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்த இழப்பை அரசு ஈடுசெய்யலாம், பொரிப்பகத்தை விரிவாக்குவதைவிட அது பயனுள்ள செலவு. கரையோரக் கடலுக்குள் இழுவைப் படகு வரக்கூடாது என்ற விதியை ஜனவரி முதலே கண்டிப்பாக நடத்துவதும் அப்படித்தான். ஒடிசா அரசு தேவி, தம்ரா, ருஷிகுல்யா முகத்துவாரங்களை ஒட்டி நவம்பர் முதல் மே வரை ஏழு மாதம் மீன்பிடியைத் தடுக்கிறது. நம் தடைக்காலம் ஆமைக்காலத்தோடு பொருந்தவில்லை என்று தெரிந்த பின்னும், குறைந்தபட்சம் முட்டையிடும் கரைகளுக்கு எதிரேயுள்ள கடலுக்காவது தனித்தடை ஏன் கூடாது என்ற கேள்விக்கு எனக்குத் திருப்தியான பதில் எங்கும் கிடைக்கவில்லை.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக. குஞ்சுகளைப் பகலில், பள்ளிப் பிள்ளைகள் பார்க்க விடலாமா? கூடாது, வெளிவந்த உடனே, இருட்டில், ஒரே இடமாக இல்லாமல் மாற்றி மாற்றி விட வேண்டும். தூக்கிக்கொண்டு போய் அலையில் போடலாமா? மணலில் தானே நடந்து போகட்டும். கடற்கரை விளக்கு? மார்ச் முதல் மே வரை இரவில் அணைக்கச் சொல்லி உள்ளாட்சியிடம் எழுதுங்கள், விளக்கை நோக்கித்தான் குஞ்சு போகும். பொரிப்பகத்தை ஆண்டுதோறும் அதே இடத்தில் போடலாமா? பழைய மணலில் பூஞ்சை இருக்கும், இடத்தை மாற்ற வேண்டும். செத்த ஆமையைக் கண்டால்? புதைக்கும் முன் ஓட்டின் நீளத்தையும் இடத்தையும் தேதியையும் எழுதிப் படம் எடுத்து வனத்துறைக்குத் தெரிவியுங்கள். குஞ்சுகளுக்கு ஏடு இருப்பதுபோல் இவற்றுக்கும் ஒன்று வேண்டும்.