பெயரை மாற்றியதும் வேகம் குறைந்த கேம்

2001 அக்டோபரில் ‘ஹார்டுஓசிபி’ என்ற அமெரிக்க இணைய இதழ் ஒரு குறும்பான சோதனை செய்தது. அன்றைக்குக் கொடிகட்டிப் பறந்த ‘குவேக் 3’ கேமின் நிரலுக்குள் ‘குவேக்’ என்று இருந்த இடங்களையெல்லாம் ‘குவாக்’ என்று மாற்றி, ஏடிஐ நிறுவனத்தின் ‘ரேடியான் 8500’ கிராபிக்ஸ் கார்டில் ஓட்டிப் பார்த்தார்கள். கேம் அதேதான், கார்டும் அதேதான். ஆனால் வேகம் குறைந்தது, படம் தெளிவானது! கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர், ஓடுவது எந்த கேம் என்று பெயரைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, படத்தின் தரத்தைச் சத்தமில்லாமல் குறைத்து வேகத்தைக் கூட்டிக்காட்டியிருக்கிறது. வேக ஒப்பீடுகளில் எல்லோரும் ஓட்டிப் பார்க்கும் கேம் அது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஏமாற்று வேலைதான். ஆனால் கேமின் பெயர் பார்த்து நடந்துகொள்ளும் வழக்கம் அதோடு ஒழிந்துவிடவில்லை. இன்றைய கிராபிக்ஸ் டிரைவர்களுக்குள்ளும் கேம் வாரியாகத் தனித்தனி அமைப்புகள் இருக்கின்றன. பெரிய கேம் வெளியாகும் நாளை ஒட்டி என்விடியாவும் ஏஎம்டியும் புது டிரைவர் வெளியிடுவது இதற்காகத்தான்.

இதைவிடப் பெரிய வேலை ஒன்றும் டிரைவருக்குள் நடக்கிறது. ஒளி எப்படி விழ வேண்டும், தண்ணீர் எப்படி மின்ன வேண்டும் என்று சொல்லும் ‘ஷேடர்’ எனப்படும் சிறு நிரல்களை கேம் தன்னோடு கொண்டுவருகிறது. அவை எந்த ஒரு சிப்புக்கும் உரிய கட்டளைகளாக எழுதப்பட்டவை அல்ல. என்விடியா, ஏஎம்டி, இன்டெல் ஒவ்வொன்றின் சிப்புக்கும் கட்டளைத் தொகுதி வேறு. ஒரே நிறுவனத்திலும் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். ஆகவே, உங்கள் சிப்புக்கு ஏற்ற கட்டளைகளாக ஷேடர்களை மாற்றும் கம்பைலர் ஒன்று டிரைவருக்குள்ளேயே இருக்கிறது. அது தேறினால், பழைய லேப்டாப்பும் காசு செலவில்லாமல் வேகமெடுக்கும். ஒருமுறை மாற்றியதை டிரைவர் சேமித்தும் வைத்துக்கொள்ளும். அப்டேட் செய்ததும் அந்தச் சேமிப்பு செல்லாமல் போய்விடும். ‘புது டிரைவர் போட்டதிலிருந்து கேம் திக்குகிறது’ என்ற புலம்பலில் பாதி, எல்லாவற்றையும் அது மறுபடி மாற்றி முடிக்கும்வரைதான்.

மறுபாதிப் புலம்பலில் நியாயம் உண்டு. டிரைவரின் ஒரு பகுதி விண்டோஸின் கெர்னலுக்குள், அதாவது எல்லா அதிகாரமும் உள்ள அடித்தளத்தில் ஓடுகிறது. அங்கே தவறு நேர்ந்தால் கணினியே நீலத்திரை காட்டிப் படுத்துவிடும். 2007இல் விண்டோஸ் விஸ்டாவில் பதிவான முடக்கங்களில் 28.8 சதவீதத்துக்கு என்விடியா டிரைவர்கள்தான் காரணம் என்று மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்திருந்தது, பின்னாளில் ஒரு வழக்கில் வெளியான ஆவணங்களால் தெரியவந்தது. இத்தனைக்கும், டிரைவரின் பெரும்பகுதியைக் கெர்னலுக்கு வெளியே தள்ளியதே விஸ்டாதான். சிப் 2 விநாடி பதில் சொல்லாவிட்டால் அதை மீட்டுத் தொடங்கும் ஏற்பாடும் அதில் வந்ததே. திரை கறுத்து உடனே திரும்பினால் நடந்தது பெரும்பாலும் அதுதான். விண்டோஸ் 10, 11இல் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட் விசைகளோடு ‘B’யையும் சேர்த்து அழுத்தி, நாமே அப்படி மீட்கலாம்.

லேப்டாப்பில் சிக்கல் இரட்டிப்பு. கேமிங் லேப்டாப்புகள் பலவற்றில் கிராபிக்ஸ் சிப் இரண்டு: பிராசஸரோடு ஒட்டியது ஒன்று, தனியானது ஒன்று. 2010இல் என்விடியா கொண்டுவந்த ‘ஆப்டிமஸ்’ முறையில், தனிச் சிப் வரைந்த படம் மற்றொன்றின் நினைவகத்துக்கு நகலாகி, அதன் வழியாகத்தான் திரைக்குப் போகிறது. பேட்டரியை மிச்சப்படுத்த நல்ல உத்தி. ஆனால் இரண்டு நிறுவனங்களின் டிரைவர்கள் ஒத்துப்போக வேண்டும். போதாததற்கு, திரை வெளிச்சம், சூடு, மின்சாரம் ஆகியவற்றுக்காக லேப்டாப் தயாரிப்பாளர் தன் பங்குக்குச் சில மாற்றங்கள் செய்திருப்பார். சிப் நிறுவனத்தின் பொது டிரைவரை நேரடியாகப் போடப் போனால் இன்டெல்லின் இன்ஸ்டாலர், ‘உற்பத்தியாளரிடம் வாங்கிக்கொள்’ என்று கதவைச் சாத்திவந்தது. அந்தத் தடை 2020இல்தான் விலகியது. உற்பத்தியாளரோ, மாடல் பழசானதும் புது டிரைவர் தருவதை நிறுத்திவிடுவார்.

அப்டேட் செய்யலாமா? வேர்டும் யூடியூபும் போதும் என்பவர்கள் விண்டோஸ் அப்டேட் தருவதோடு நிறுத்திக்கொள்ளலாம். பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்களும் டிரைவரில் வருவதால், வருடக்கணக்கில் தொடாமல் இருப்பதும் சரியல்ல. கேம், வீடியோ எடிட்டிங் என்று இருப்பவர்கள் சிப் நிறுவனத்தின் தளத்திலிருந்தே எடுக்கலாம். ஆனால் வந்த அன்றே வேண்டாம். 2010 மார்ச்சில் என்விடியாவின் 196.75 டிரைவர் விசிறியின் கட்டுப்பாட்டைக் குழப்பிக் கார்டுகளைச் சூடேற்ற, நிறுவனமே அதைத் திரும்பப் பெற்றது. ‘எல்லா டிரைவரையும் இலவசமாக அப்டேட் செய்கிறோம்’ என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்கள் பக்கமே போகாதீர்கள்.

வம்பு வந்தால் டிவைஸ் மேனேஜரில் ‘டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்’ கீழுள்ள சிப்பின் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ திறந்து, ‘ரோல் பேக் டிரைவர்’ பொத்தானை அழுத்தினால் பழைய டிரைவர் திரும்பிவிடும். முந்தைய டிரைவர் கணினியில் இல்லையென்றால் அந்தப் பொத்தான் மங்கிக் கிடக்கும். அதனால், புதியதைத் தொடும் முன் உற்பத்தியாளரின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான டிரைவரை இறக்கி ஒரு பென்டிரைவில் போட்டுவையுங்கள்.